மூன்றாம் சத்தம்

வாந்திபேதிக்காரி என்ற பேய் வாசலில் வந்து நின்று ஒரே ஒரு தடவைதான் கூப்பிடுவாள் என்று செம்மணல் தேரிக்காட்டு ஊர்களில் இன்றைக்கும் பலர் சொல்லக் கேட்கலாம். இது பெரும் பிழை. இத்தனை முக்கியமான விஷயத்தில் இத்தனை அலட்சியம் கூடாது. அவள் இரண்டு தடவை கூப்பிடுவாள். முதல் சத்தம் வீட்டில் ஆள் இருக்கிறதா என்று பார்ப்பதற்கு, இரண்டாம் சத்தம் இருக்கிற ஆளை எடுத்துக்கொள்வதற்கு. மூன்றாம் தடவை கூப்பிட அவளுக்கு உத்தரவு இல்லை. ஆகையால் மூன்றாவது சத்தம் கேட்டபின் ‘என்ன’ என்று கேட்கிறவன் பிழைத்தான். முந்திக்கொண்டவன் மறுநாள் குழிக்குள் இருப்பான். ஒரு தடவை என்பது பிற்காலத்து இடைச்செருகல். மூலபாடம் இரண்டுதான். எழுத்துச் சான்றும் உண்டு. ஏலிம்புரத்துக் கிறிஸ்தவச் சபையின் உபதேசியார் மாசிலாமணி, ஊரிலுள்ள மூடநம்பிக்கைகளையெல்லாம் ஒவ்வொன்றாக மறுப்பதற்கென்று வைத்திருந்த நோட்டில் இது முப்பத்தேழாவது. பனையேறி மத்தேயு சொல்லச் சொல்ல எழுதியது. இடப்பக்கம் நம்பிக்கை, வலப்பக்கம் மறுப்பு என்று கோடு போட்ட நோட்டு அது. முப்பத்தேழுக்கு வலப்பக்கம் காலியாக இருந்தது.

தாது வருஷப் பஞ்சம் ஓய்ந்து, செத்தது போக மிச்சமிருந்தவர்கள் கொஞ்சம் நிமிர்ந்து உட்கார்ந்த கோடையில், ஒரு மத்தியானம், மாசிலாமணி அடுப்புக்கு முன்னால் குந்தியிருந்து கஞ்சியைத் துழாவிக்கொண்டிருந்தபோது, சாத்தியிருந்த கதவுக்கு வெளியே யாரோ “ஐயா” என்று கூப்பிட்டார்கள். அவர் அகப்பையை நிறுத்தினார். காற்று மணலை வாரிக் கதவில் எறிகிற சத்தம் கேட்டது. கொஞ்சம் பொறுத்து மறுபடியும், முதலில் வந்ததைவிடத் தணிந்த குரலில், “ஐயா.” பிறகு ஒன்றுமில்லை. மணல் மட்டும். அவர் எழுந்திருக்கவில்லை. எழுந்திருக்காமல் இருப்பதைக் கவனித்துக்கொண்டே எழுந்திருக்காமல் இருந்தார். இன்னொரு தடவை கூப்பிடட்டும், போவோம் என்று நினைத்தார். நினைத்த பிறகுதான் என்ன நினைத்தோம் என்று தெரிந்தது. அகப்பை கையில் இருந்தது. அதிலிருந்து ஒரு சொட்டுக் கஞ்சி புறங்கையில் விழுந்து சுட்டது. அதையும் துடைக்கவில்லை. நான் அதற்காகக் காத்திருக்கவில்லை, கஞ்சி அடிப்பிடித்துவிடக் கூடாதே என்று இருக்கிறேன், சுகிர்தம் சொல்லிவிட்டுப் போயிருக்கிறாள், கை நிறுத்தாமல் துழாவ வேண்டும் என்று. அவர் மனைவி சுகிர்தம் காலையிலேயே காய்ச்சிய தண்ணீரைக் குடத்தில் எடுத்துக்கொண்டு தெற்கு வரிசைக்குப் போனவள். வீடு வீடாகப் போய் உப்புப் போட்ட கஞ்சித்தண்ணியைக் கரண்டி கரண்டியாக வார்த்துவிட்டு வருவாள். இந்தப் பானையும் அதற்குத்தான். எட்டு மைலுக்கு அப்பால் இருக்கிற குருவானவர், தண்ணீரைக் கொதிக்கவைத்துக் குடியுங்கள், கர்த்தரை நம்புங்கள் என்று கடிதம் அனுப்பியிருந்தார். முதலாவதற்கு விறகு வேண்டும். சுகிர்தம் அவரைக் கூப்பிடுவதென்றால் “இங்க பாருங்க” என்பாள். ஆகவே கூப்பிட்டது அவள் இல்லை. அதில் ஒரு நிம்மதி வந்தது, அந்த நிம்மதியின் முகத்தைப் பார்க்க அவருக்குப் பிடிக்கவில்லை.

அப்படியானால் யார். ‘ஐயா’ என்று கூப்பிடாதவர்கள் ஏலிம்புரத்தில் யாரும் இல்லை. பதினெட்டு வருஷமாக ஒருவரும் அவரை மாசிலாமணி என்று கூப்பிட்டதில்லை, அவருக்கே அது சில நாள் வேறு யாருடைய பெயரோ போல இருக்கும். வாந்திபேதிக்காரி பெயர் சொல்லித்தானே கூப்பிடுவாள், ஐயா என்பது பெயராகுமா, ஆகாதே, அது மரியாதை, மரியாதைக்கும் மரணத்துக்கும் என்ன சம்பந்தம். ஆனால் பெயர் என்பது ஒருவனை மற்றவனிலிருந்து பிரித்துக் காட்டுவது என்றால், இந்த ஊரில் ஐயா என்றால் அவர் ஒருவர்தான், அப்போது அதுவே பெயர். முப்பத்தேழாவதில் இதைத் தெளிவாக எழுதியிருக்க வேண்டும். மத்தேயுவிடம் கேட்டிருக்க வேண்டும். மத்தேயு பனையிலிருந்து இறங்கி, இடுப்பில் பாளை அரிவாளோடு அப்படியே உட்கார்ந்து, ஒன்றுவிடாமல் சொன்னான். “அவ மூணாவது கூப்பிடமாட்டா ஐயா. கூப்பிட்டா அவ சொரூபம் போயிரும்.” “நீ பார்த்திருக்கியா?” “பாத்தவன் எப்படி ஐயா ஒங்ககிட்ட வந்து சொல்லுவான்?” அவர் சிரித்துக்கொண்டே எழுதிக்கொண்டார். மறுப்பதற்குத்தான் எழுதினார். நூற்றுப் பதினாலு நம்பிக்கைகள். அவற்றைப் பற்றி ஊரில் யாருக்கும் முழுசாகத் தெரியாது, ஒருவனுக்கு ஐந்து தெரியும், ஒருத்திக்குப் பத்து தெரியும். நூற்றுப் பதினாலும் தெரிந்த ஒரே ஆள் உபதேசியார்தான். ஒற்றைப் பல்லி எந்தத் திசையில் சொன்னால் என்ன, உலக்கையைத் தாண்டினால் என்ன, எல்லாம். ஊரையே சுத்தமாகப் பெருக்கி, பெருக்கிய குப்பை முழுவதையும் தன் வீட்டுக்குள் கொண்டுவந்து கொட்டியவன் நான் என்று இப்போது தோன்றியது. இது நன்றாக இருக்கிறது, பிரசங்கத்தில் சொல்லலாம் என்றும் கூடவே தோன்றியது. இல்லை, சொல்ல முடியாது.

ஏலிம் என்று பெயர் வைத்தவர் முதலாவது வந்த வெள்ளைக்காரக் குருவானவர். வேதத்தில் பன்னிரண்டு ஊற்றும் எழுபது பேரீச்சையும் இருந்த இடத்தின் பெயர் அது. இங்கே ஒரு கிணறும் நாலாயிரம் பனையும் இருந்தன. மரக்கணக்கில் கூடுதல், ஊற்றுக் கணக்கில் குறைவு, சராசரியில் சரியாகத்தான் வரும் என்று மாசிலாமணி புதிதாக வந்த நாளில் ஒரு வேடிக்கை சொன்னார். ஒருவரும் சிரிக்கவில்லை. இப்போது அந்த ஒரே கிணற்றைத்தான் எல்லோரும் குடித்துக்கொண்டிருந்தார்கள். பன்னிரண்டு நாளில் ஒன்பது பேர் வாந்திபேதியில் போய்விட்டார்கள். சாலைக்கு அந்தப் பக்கத்து ஊரில் அம்மனுக்குக் காப்புக்கட்டி, எல்லையில் வேப்பிலைத் தோரணம் போட்டு, வெளியாளை உள்ளே விடாமல் வைத்திருந்தார்கள். இந்தப் பக்கத்தில் கீர்த்தனை பாடிக்கொண்டு ஊரை மூன்று சுற்று சுற்றினார்கள். வேப்பிலை கட்டக் கூடாது என்று உபதேசியார் சொல்லியிருந்தார். ஆனாலும் வீட்டுக்கு வீடு நிலைப்படியில் ஒரு கொத்து இருந்தது. கேட்டால் ஈ ஓட்டுவதற்கு ஐயா என்றார்கள். ஈ நிறையத்தான் இருந்தது. ஒன்பதில் ஆறு குழியை அவரும் கூட நின்று வெட்டினார். தேரி மணலில் குழி வெட்டுவது வெட்டுவதே இல்லை, வாரி வெளியே போடுவது, போட்டது திரும்ப உள்ளே வழிந்துவிடும். முழங்கை வரை வலி. அதோடு கோயிலில் ஆராதனை மணியும் அவரே அடிக்க வேண்டியிருந்தது, ஏனென்றால் மணியடிக்கிற வேதக்கண்ணு ஏழாவது.

வேதக்கண்ணு. அதைத்தான் நினைக்காமல் இருந்தார், கிணறு, பனை, ஈ என்று சுற்றிச் சுற்றி வந்து அங்கேதான் கால் தட்டியது. ஒண்டிக்கட்டை. கோயிலைக் கூட்டிப் பெருக்கி, மணியடித்து, மணி அடித்த பிறகும் வராதவர்களை வாசலில் நின்று பெயர் சொல்லிக் கூப்பிடுகிறவன். தொண்டை என்றால் அது தொண்டை. மணியே தேவையில்லை என்று ஊரில் கேலி. அவனை விடிந்தபோது அடுத்த வீட்டு அருளப்பன் வாசற்படியில் கண்டெடுத்தார்கள், ஒரு கை படியில், முகம் மணலில். கதவு உள்ளே தாழிட்டிருந்தது. ஞாயிற்றுக்கிழமை பிரசங்கத்தில் உபதேசியார் கொதித்துப்போனார். ஒரு கிறிஸ்தவன் இன்னொரு கிறிஸ்தவன் வாசலில் கூப்பிட்டுக் கிடந்து செத்திருக்கிறான் என்றார். அருளப்பன் உட்கார்ந்த இடத்திலிருந்து எழுந்து நின்றான். அவனுக்குக் கோபமில்லை, அதுதான் கஷ்டம். “நீங்க சொல்லுதது சரிதான் ஐயா. சத்தம் கேட்டுது. அருளப்பா, அருளப்பான்னு ரெண்டு. நானும் எம்பொண்டாட்டியும் முழிச்சித்தான் கெடந்தோம். மூணாவது கேட்டா தொறக்கணும்னுதான் தாழ்ப்பாள்ல கைய வச்சிட்டு நிக்கேன். வரலியே.” கொஞ்சம் நிறுத்தி, “வேதக்கண்ணு கொரல் மாதிரியே இல்ல ஐயா அது. அதான் பயந்துட்டோம்” என்றான். பெண்கள் பக்கத்தில் யாரோ விசும்பினார்கள். அப்புறம் அவன் கேட்டான், நக்கலா நிஜமா என்று இன்றுவரை தெரியவில்லை: “ஒங்க வாசல்ல வந்து கூப்பிட்டா ஐயா எத்தனாவது சத்தத்துக்கு வருவீங்க?” சபை முழுக்க அவரைப் பார்த்தது. “முதலாவதுக்கு” என்றார். நல்ல கனமான குரலில்.

முதலாவது போயாயிற்று. இரண்டாவதும் போய் எவ்வளவு நேரம் ஆயிற்று என்று தெரியவில்லை. குமிழிகள் மெதுவாகக் கிளம்பி உடைந்துகொண்டிருந்தன. வேதத்தில் கர்த்தரே ஒரு சிறுவனை ராத்திரியில் பெயர் சொல்லிக் கூப்பிட்டபோதுகூட, கிழட்டு ஆசாரியன் கூப்பிடுவதாகத்தான் அவன் நினைத்தான், ஆனால் ஒவ்வொரு தடவையும் எழுந்து ஓடினான் அல்லவா. எழுந்து ஓடினான். வேதக்கண்ணு குரல் மாதிரியே இல்லை. அந்தக் குரல் எப்படி அவன் குரல் மாதிரி இருக்கும். மாசிலாமணி எத்தனை பேர் பக்கத்தில் உட்கார்ந்து ஜெபித்திருக்கிறார் இந்தப் பன்னிரண்டு நாளில். இந்த நோய் முதலில் கண்ணை உள்ளே இழுக்கும். பிறகு விரல் நுனிகளை ஊறவைத்தது போலச் சுருக்கும். பிறகு குரலை எடுத்துக்கொள்ளும். பேசினால் காற்றுதான் வரும், ஓலை உரசுகிற மாதிரி. இரண்டாவது செத்த கிழவருடைய வாயில் காதை வைத்துத்தான் தண்ணீர் என்பது கேட்டது. அப்படிப்பட்ட ஒருவன் அல்லது ஒருத்தி, தெரு மணலில் ஊர்ந்து வந்து, ஒரு வாசலில் நிமிர்ந்து, இருக்கிற மூச்சையெல்லாம் சேர்த்து ஒரு சத்தம் போடலாம். கொஞ்சம் இளைப்பாறி இரண்டாவதும் போடலாம், தணிவாக. மூன்றாவது எங்கிருந்து வரும். அவர் அகப்பையையே பார்த்துக்கொண்டிருந்தார். மூன்றாவது கூப்பிட அவளுக்கு உத்தரவில்லை என்று மத்தேயு சொன்னான். உத்தரவில்லை, சரிதான், மூச்சில்லை. தலைமுறை தலைமுறையாக இந்தத் தேரியில் இரண்டு தடவை கூப்பிட்டவர்கள் எல்லாம் யார். கதவைத் திறந்தவன் ஏன் மறுநாள் செத்தான். வந்தவளைத் தூக்கி, துடைத்து, அந்தக் கையாலேயே சாப்பிட்டிருப்பான். எல்லாம் சரியாகப் பொருந்தியது. முப்பத்தேழாவதற்கு வலப்பக்கம் எழுத வேண்டியது இதுதான், இதைவிடத் தெளிவான மறுப்பு மற்ற நூற்றுப் பதின்மூன்றில் ஒன்றுக்கும் இல்லை. நோட்டு பெட்டியின் மேலே இருந்தது. முதல் வாக்கியம்கூட வந்துவிட்டது. அவர் இன்னும் உட்கார்ந்தேதான் இருந்தார்.

தெரிந்துகொள்வது வேறு, எழுந்திருப்பது வேறு என்று அவருக்கு இதற்கு முன்னால் தெரியாது. தெரிந்துவிட்டால் கால் தானாக எழும்பும் என்று பதினெட்டு வருஷமாகப் பிரசங்கித்தவர். பயமா என்று கேட்டுக்கொண்டார். பயமும்தான். ஆனால் பயத்துக்கு அடியில், பானைக்கு அடியில் ஒட்டுகிற பருக்கை போல, வேறொன்று இருந்தது. அது அலுப்பு. வெளியே இருப்பது ஆளாக இருந்தால் தூக்க வேண்டும். கழுவ வேண்டும். பக்கத்தில் உட்கார்ந்து அந்த ஓலைக் குரலைக் கேட்க வேண்டும். விடியும்போது மறுபடியும் மண்வெட்டி, மறுபடியும் வழிகிற மணல், மறுபடியும் அதே வசனங்கள், சாவுக்கு மணியடிக்க வேண்டாம் என்று ஊர் கேட்டுக்கொண்டபடி சத்தமில்லாத அடக்கம். வெளியே நிற்பது வாந்திபேதிக்காரியாகவே இருந்துவிட்டால் நல்லது என்று அவர் நினைத்தார். பேய்க்குக் குழி வெட்ட வேண்டியதில்லை. இந்த நினைப்பு வந்ததும் யாராவது பார்த்தார்களா என்பது போலத் திரும்பிப் பார்த்தார். சுவரில் சுகிர்தத்தின் வெள்ளைச் சேலை காய்ந்துகொண்டிருந்தது. கல்யாணமான புதிதில் அவள் ஒரு தடவை, கிணற்றில் வாளியோடு சறுக்கி, பாதியில் கயிற்றைப் பிடித்துத் தொங்கிக்கொண்டு, அப்போதும் “இங்க பாருங்க” என்றுதான் கூப்பிட்டாள். ஏதோ காட்டக் கூப்பிடுகிறாள் என்று அவர் படித்துக்கொண்டிருந்த பக்கத்தை முடித்துவிட்டுப் போனார். அதை அவள் பிறகு ஒருநாளும் சொல்லிக்காட்டியதில்லை. சொல்லிக்காட்டியிருக்கலாம். இன்னொரு தடவை கூப்பிடட்டும். ஒரே ஒரு தடவை. இவ்வளவு காற்றில் இரண்டு சத்தம் வந்ததே, அது சத்தம்தானா, ஓலை உரசியதாகவும் இருக்கலாமே, ஓலை ஐயா என்று சொல்லுமா. சொல்லாது. கேட்கிறவன் ஐயாவாக இருந்தால் சொல்லும்.

அப்போது கருகல் வாடை வந்தது. கை எப்போதோ நின்றுபோயிருந்தது. அவர் பதறிப் பானையைப் பிடிக்கப் போய், சுட்டு, கையை உதறினார். பிடிதுணியைத் தேடினார். அது அடுப்படியில் இல்லை. காலையில் அலசி வெளியே வேலிப்படலில் போட்டதாக ஞாபகம் வந்தது. எழுந்து, இரண்டு எட்டில் நடையைத் தாண்டி, கதவைத் திறந்தார்.

வேலி ஓரத்தில், படலுக்குக் கீழே, மத்தேயுவின் மகள் தெபோராள் சாய்ந்து உட்கார்ந்திருந்தாள். கால்கள் மணலில் நீட்டியிருந்தன, அதன்மேல் காற்று ஏற்கனவே கொஞ்சம் மணலை ஏற்றியிருந்தது. கண் உள்ளே போயிருந்தது. பிடிதுணி அவள் தலைக்கு மேலே ஆடிக்கொண்டிருந்தது. அவள் அவரைப் பார்த்தாள். உதடு அசைந்தது. அவர் குனிந்து காதைக் கொண்டுபோனார். “அப்பா பனையேறப் போயிட்டாரு, வீட்டுல ஆளில்ல” என்றாள். மூச்சு வாங்கிக்கொண்டு, “ரெண்டாவது சத்தத்துக்கே வந்துட்டீங்களே ஐயா” என்றாள். அவள் மயங்கி விழித்திருக்கிறாள். நடுவில் எவ்வளவு நேரம் போயிற்று என்பது அவளுக்குத் தெரியவில்லை. மாசிலாமணி அவளைத் தூக்கினார். ஒன்றுமே கனக்கவில்லை, மணல் கொட்டிய சேலையைத் தூக்குவது போலிருந்தது. உள்ளே பாயில் கிடத்தி, பானையின் மேல்பாகத்துத் தெளிவை வடித்து, உப்புப் போட்டு, ஆற்றி, கரண்டி கரண்டியாக வார்த்தார். முதல் மூன்றையும் கக்கினாள். நாலாவது நின்றது. “கருகின வாடை” என்றாள். “ஆமா” என்றார்.

சுகிர்தம் காலிக் குடத்தோடு வந்தபோது வெயில் சாய்ந்திருந்தது. வாசலிலேயே மூக்கைச் சுளித்தாள். பாயைப் பார்த்தாள், குடத்தை இறக்கிவைத்துவிட்டுப் பக்கத்தில் உட்கார்ந்து தெபோராளின் விரல்களைத் தேய்த்துவிட்டாள். தெபோராள் அவளிடமும் அதையே சொன்னாள், இப்போது குரல் ஒரு நூலளவு ஏறியிருந்தது. “ரெண்டாவதுக்கே வந்துட்டாக அம்மா. கொஞ்சங்கூட யோசிக்கல.” சுகிர்தம் தலையசைத்தாள். எழுந்து போய்ப் பானைக்குள் எட்டிப் பார்த்தாள். அடியில் இரண்டு விரல்கடைக்குக் கருப்பாகப் பிடித்திருந்தது. அகப்பையால் ஒரு சுரண்டு சுரண்டினாள். “இங்க பாருங்க” என்றாள். அவர் பார்த்தார். “ஒரு பானை அரிசி இப்படிப் பிடிக்கணும்னா எவ்வளவு நேரம் ஆகும்னு ஒங்களுக்குத் தெரியுமா?” “தெரியாது” என்றார். “எனக்குத் தெரியும்” என்றாள். அவ்வளவுதான். பானையை வெளியே கொண்டுபோய் மணலைப் போட்டுத் தேய்க்க ஆரம்பித்தாள். “அந்த வேட்டிய அவுத்து வெந்நீர்ல போடுங்க” என்று அங்கிருந்தே சொன்னாள். “கையையும் கழுவுங்க. சாப்பிடுததுக்கு முன்னால.”

தெபோராள் மூன்றாம் நாள் எழுந்து உட்கார்ந்தாள். ஞாயிற்றுக்கிழமை உபதேசியார் உள்ளதைச் சொல்லிவிடுவது என்று தீர்மானித்துக்கொண்டு கோயிலுக்குப் போனார். நடையிலேயே அருளப்பன் நின்றிருந்தான், தலைத்துண்டைக் கையில் எடுத்துக்கொண்டு. “சொன்ன சொல்லக் காப்பாத்திட்டீங்க ஐயா. மொதலாவதுன்னு சொன்னீங்க, ரெண்டாவதுக்கு வந்தீங்க. அது போதும் ஐயா. ஒரு மனுசனுக்கு அது போதும்.” அவன் கண் சிவந்திருந்தது. “முந்தாநேத்து பொழுதடைய எங்க வாசல்ல சத்தம் கேட்டுது. நான் ரெண்டாவதுக்குத் தொறந்துட்டேன். தெற்கு வரிசை அன்னம்மா. இருக்கா. ஒங்க வீட்டம்மா சொன்ன கஞ்சித்தண்ணியக் குடுத்துகிட்டிருக்கோம்.” மாசிலாமணி அவன் தோளில் கையை வைத்தார். உள்ளே போய் மணியடித்தார். வேறு எதையோ பற்றிப் பிரசங்கித்தார். நீளமாக இல்லை.

அடுத்த வாரம் மத்தேயு ஒரு கலயம் பதநீரோடு வந்தான். வைத்துவிட்டுப் போகாமல் நின்றான். “ஐயா, அந்த நோட்டு இருக்கா?” எடுத்தார். “ஒண்ணு மாத்தணும். அந்த முப்பத்தேழு. இப்ப தெற்கு வரிசையிலயும் வடக்கு வரிசையிலயும் எல்லாரும் ரெண்டாவதுக்குத் தொறக்காக, ஒருத்தருக்கும் ஒண்ணும் ஆகல.” “அதனால?” “அதனால என்ன, அவ ஒரு தடவதான் கூப்பிடுதா ஐயா. நாமதான் தப்பா வச்சிருந்தோம். சரியா எழுதிக்கிடுங்க.”

மாசிலாமணி மைக்கூட்டைத் திறந்து, இடப்பக்கத்தில் ‘இரண்டு’ என்றிருந்ததை அடித்துவிட்டு, மேலே ‘ஒன்று’ என்று எழுதினார்.